ஒலிநாடாவும் ஓலைச்சுவடியும்

என்னிடம் முன்னர்த் தமிழ் பயின்று, இப்பொழுது ரொறன்ரோ நகரத்தில் வாழும் மாணவர் ஒருவர் சென்ற ஆடி மாதத்தில் ஊருக்கு வந்திருந்தார். அவர் கையில் ஒரு கசெற் இருந்தது. பழையது போலும் என்று எண்ணினேன். பார்த்தால் புத்தம் புதியது. அண்மையில் வெளிவந்த பாடல்களை விலை கொடுத்து நாடாவில் வாங்கியிருக்கிறார்.

"கைத்தொலைபேசியில் இப்பாடல்கள் காசின்றியே கிடைக்குமே, தம்பி, இஃது எதற்கு?" என்று கேட்டேன்.

"அது வெட்டித் துண்டாக்கிய ஒலி, ஐயா. இதுதான் முழு ஒலி. பாட்டின் உயிர் இதிலேதான் இருக்கிறது" என்றார்.

உடன் வந்திருந்த அவருடைய தமக்கை மகன் உயர்தர வகுப்பிற் பௌதிகம் படிப்பவன். அவன் விடவில்லை. "மாமா, அதில் இருப்பது உயிர் அன்று, இரைச்சல்" என்றான்.

வழக்கு என் முன்னே வைக்கப்பட்டது. இலக்கணம் படிப்பிக்கும் பண்டிதனுக்கு ஒலிக்கருவியைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல என்ன உரிமை என்று சிலர் கேட்கலாம். எழுத்து என்பதே எமக்கு ஒலிதான். எழுத்ததிகாரம் முழுவதும் ஒலியின் அதிகாரமே. அந்தத் துணிவினாலே அன்று சில சொன்னேன். சொன்னவற்றை விரித்து இங்கே எழுதுகிறேன்.

முடிவை முதலிலே கூறிவிடலாம். மருமகன் சொன்னது சரி. மாமன் நாடாவின்மேல் வைத்த அன்பும் சரி. அந்த அன்புக்கு அவர் காட்டிய காரணம் மாத்திரம் பிழை. அன்பு இருந்தாற் போதாதா, காரணம் பிழைத்தால் என்ன என்று கேட்பாரும் உளர். போதாது. காரணம் பிழைத்த அன்பு, தான் அன்பு செய்யும் பொருளைக் காக்க அறியாது. எங்கள் ஓலைச்சுவடிகளிற் பலவற்றுக்கு நேர்ந்த கதி அதுவே. ஒலிநாடாவுக்கும் அக்கதி நேர்ந்துகொண்டிருக்கிறது.

அனலொக் என்றும் டிஜிற்றல் என்றும் உலகம் வழங்கும் இரண்டையும் ஒப்புமுறை என்றும் இலக்கமுறை என்றும் நாம் சொல்லலாம். முதலில் ஒப்புமுறை இன்னதென்று பார்ப்போம்.

ஒலி காற்றின் அசைவு. ஒலிவாங்கி அவ்வசைவை மின்னசைவாக்கும். அந்த மின்னோட்டம் ஒரு சிறு மின்காந்தத்துட் பாயும். அதன் முன்னே நாடா ஓடும். நாடாவின்மேல் இரும்பு ஒட்சைட்டுத் துகள்கள் பூசப்பட்டுள்ளன. ஒலி ஓங்கும்போது துகள்களிற் காந்தம் மிகுந்து ஏறும். ஒலி தாழும்போது குறைந்து ஏறும். ஒலியின் ஏற்றத்தாழ்வுக்கு ஒப்பாகக் காந்தத்தின் ஏற்றத்தாழ்வு அமைதலின் இஃது ஒப்புமுறை ஆயிற்று.

காந்தத்திலே குரலைப் பதிக்கலாம் என்று 1898இற் காட்டியவர் டென்மார்க் நாட்டு வால்டிமார் பௌல்சன். அவர் பதித்தது உருக்குக் கம்பியில். ஜேர்மனியைச் சேர்ந்த ஃபிறிற்ஸ் ஃபுளோய்மர் 1928இற் காகித நாடாவிலே இரும்புத்தூள் பூசும் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றார். 1935இற் பேர்ளின் வானொலிப் பொருட்காட்சியில் நாடாவிலே பதியும் கருவி உலகத்தின் முன் வைக்கப்பட்டது. அக்கருவி பெரிது, விலையும் பெரிது. வானொலி நிலையங்களுக்கும் செல்வர்க்கும் உரியதாகவே அது நெடுங்காலம் இருந்தது.

அதனை எளியார் கைக்குக் கொணர்ந்தவர் பிலிப்ஸ் கம்பனியின் பொறியியலாளர் லூ ஒற்றன்ஸ். கருவி எவ்வளவு சிறிதாக இருத்தல் வேண்டும் என்பதற்கு அவர் ஓர் அளவு வைத்திருந்தார். தமது மேற்சட்டைப் பைக்குள் அடங்கும்படி ஒரு மரத்துண்டை வெட்டி, இதற்கு மேற்படலாகாது என்று விதித்தார். பெல்ஜியம் நாட்டின் ஹசெல்ற் நகரத்துத் தொழிற்சாலையில் அவருடைய குழுவினர் அவ்விதிக்கு அமையச் செய்து முடித்தனர். 1963இற் பேர்ளினில் அது வெளிவந்தது. நாடாவின் அகலம் 3.81 மில்லிமீற்றர். ஒரு செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓடும். பக்கத்துக்கு முப்பது நிமிடம் ஓடும் பேழைக்குள் ஏறக்குறைய 90 மீற்றர் நாடா சுற்றியிருக்கும். பிற கம்பனிகளும் கட்டணமின்றி அதனைச் செய்துகொள்ளப் பிலிப்ஸ் இசைந்தது. அதனாலே ஒரே அளவான பேழை உலகெங்கும் பரவிற்று. எந்த நாட்டிற் பதித்தாலும் எந்த நாட்டிலும் கேட்கலாம் என்றாயிற்று.

இனி இலக்கமுறை. இதனை விளக்க எம் வீட்டு முற்றத்துக் கோலமே போதும். கோலம் இடுவோர் முதலிற் புள்ளிகளை வைக்கின்றனர். பின்னர்ப் புள்ளிகளைத் தொட்டு இழையை வளைக்கின்றனர். புள்ளிகள் தனித்தனியே கிடப்பினும் இழை முறிவதில்லை. இலக்கமுறையும் அவ்வாறே ஒலியின் ஏற்றத்தாழ்வைச் சிறு சிறு இடைவெளியில் அளந்து, அளவை எண்ணாகக் குறித்து வைக்கிறது. கேட்கும்பொழுது அவ்வெண்களின் வழியே பழைய இழையை மீட்டும் வளைக்கிறது. புள்ளிகள் எவ்வளவு நெருக்கமாக இருந்தால் இழை பிழையாமல் வரும்? இவ்வினாவுக்கு விடை காணும் வழியை 1928இல் ஹரி நைக்குவிஸ்ற் திறந்தார். 1949இல் குளோட் ஷனன் அதனைக் கணிதமுறையாகத் தெளிவுபடுத்தினார். ஒலியில் உள்ள மிக விரைந்த அசைவு ஒரு செக்கனில் எத்தனை முறையோ, அதன் இருமடங்குக்கு மேற்பட்ட முறை அளந்தாற் போதும். அப்போது அப்புள்ளிகளுக்கு இயையும் இழை ஒன்றே. வேறொன்று வரைய இயலாது.

மனிதச் செவி ஒரு செக்கனுக்கு 20,000 அசைவு வரையே கேட்கும். 1982இல் வந்த இறுவட்டு ஒரு செக்கனில் 44,100 முறை அளக்கிறது. ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கிறது. ஆகவே 'வெட்டித் துண்டாக்கிய ஒலி' என்பது பொருந்தாது. அளக்கும் இடம் துண்டு. கேட்கும் ஒலி துண்டு அன்று. வீணையில் ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் கமகம் இறுவட்டிலும் வழுக்கியே செல்கிறது, படி ஏறுவதில்லை.

ஒலியை எண்ணால் அளப்பது தமிழனுக்குப் புதுமையும் அன்று. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று மாத்திரை வகுத்தது தொல்காப்பியம். கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் அளவுகோலாக வைத்து, ஓடிக்கொண்டேயிருக்கும் ஒலியை எண்ணுக்குள் அடக்கினார் எம்முன்னோர். அளந்ததனாலே தமிழின் உயிர் போய்விட்டது என்று எவரும் சொன்னதில்லை.

நாடாவையும் சிறிது நெருங்கிப் பார்க்கவேண்டும். அதிலே 'முறியாத ஒலி' இருக்கிறது என்கின்றனர். அதன்மேல் இருப்பனவோ துகள்கள். துகளுக்கும் துகளுக்கும் இடையே வெளி உண்டு. துகள்கள் எண்ணிறந்தனவாகவும் ஒழுங்கற்றனவாகவும் கிடத்தலாலேயே பாட்டு இல்லாத இடத்திலும் மழைத்தூறல் போல ஓர் ஓசை எழுகிறது. மருமகன் இரைச்சல் என்றது அதனையே. மிக மெல்லிய ஒலிக்கும் மிக வலிய ஒலிக்கும் உள்ள தூரம் இறுவட்டில் 96 டெசிபெல் அளவினது. சாதாரண கசெற்றில் அஃது ஏறக்குறைய 50 முதல் 60 வரையிலேதான் நிற்கும். மேலும், நாடா எப்பொழுதும் ஒரே வேகத்தில் ஓடாது. நீண்ட சுரம் நடுங்கும். ஒரு நாடாவிலிருந்து மற்றொன்றிற்குப் படியெடுத்தால் இரைச்சல் ஏறும். அப்படியிலிருந்து படியெடுத்தால் இன்னும் ஏறும். கசெற்றை ஆக்கிய லூ ஒற்றன்ஸ் தாமே பின்னர் இறுவட்டு ஆக்கத்திலும் முன்னின்றவர். 2021இல் மறையும்வரை, இரண்டனுள் இறுவட்டே உயர்ந்தது என்பதில் அவருக்கு ஐயம் இருந்ததில்லை. பெற்ற தந்தையே சாட்சி சொன்னபின் வழக்கு ஏது?

ஆயின் நாடாவின் ஒலி இனிக்கிறதே என்பார்க்கும் விடை உண்டு. இனிப்பது மெய். நாடாவுக்கு ஓர் எல்லைக்கு மேற் காந்தம் ஏறாது. ஒலி அவ்வெல்லையை அடுக்கும்போது வெட்டுண்டு நிற்காமல், மெல்ல வளைந்து அடங்குகிறது. மிக உயர்ந்த ஒலிகளும் சிறிது மங்குகின்றன. கூர்மை தேய்ந்த அந்த ஒலியையே செவி 'இளஞ்சூடு' என்று கொள்கிறது. அது நாடா சேர்த்த சுவை. பாடியவர் தந்தது அன்று. பழைய வெண்கலப் பாத்திரத்தில் வைத்த நீருக்கு ஒரு மணம் உண்டு. அம்மணத்தை விரும்பலாம். கிணற்றின் மணம் அதுவே என்று சாதித்தல் கூடாது.

இன்னொன்றும் நேர்மையாகச் சொல்லவேண்டும். என் மாணவர் கைத்தொலைபேசியிற் கேட்டு வெறுத்த ஒலி உண்மையிலே குறையுடையதாக இருந்திருக்கலாம். இடத்தைச் சுருக்கும் பொருட்டு, செவி பொருட்படுத்தாது என்று கருதும் பகுதிகளைக் கழித்துவிட்டு மிகுதியை மாத்திரம் வைக்கும் முறைகள் பல உள. எம்பி3 என்பது அவற்றுள் ஒன்று. அளவறிந்து கழித்தாற் செவி அறியாது. அளவு கடந்து கழித்தாற் பாட்டு சப்பி எறிந்த கரும்பு போலாகும். இது சுருக்கியவர் குற்றம். இலக்கமுறையின் குற்றம் அன்று.

ஒலித்தரத்திலே நாடா தோற்றது. தோற்றும் ஏன் வாழ்கிறது? 2010இற் சோனி கம்பனி யப்பானில் விற்றுவந்த கசெற் வோக்மனை நிறுத்தியபோது கதை முடிந்தது என்றே உலகம் எண்ணியது. மூன்றாண்டு கழித்து, 2013இல், மேல்நாடுகளில் இளைஞர்கள் கசெற்றுக்கென ஒரு நாளைக் கொண்டாடத் தொடங்கினர். 2020இல் ஐக்கிய இராச்சியத்தில் மாத்திரம் 1,50,000க்கு மேற்பட்ட புதிய கசெற்றுகள் விலைப்பட்டன. பிறக்கும்போதே கணினியோடு பிறந்த பிள்ளைகள் இவற்றை வாங்குகின்றனர். இதனைப் பழமைப் பித்து என்று ஒதுக்குதல் தகாது.

ஒரு காரணம் ஒழுங்கு. கசெற்றுக்குத் தலையும் வாலும் உண்டு. இருந்து கேட்டு, எழுந்து திருப்பிப் போட்டு, மறுபக்கத்தையும் கேட்கவேண்டும். பிடியாத பாட்டைத் தாண்டுவதற்கும் சிறிது வேலை உண்டு. அதனாலே பிடியாத பாட்டையும் சில நாள் கேட்போம்; பிறகு அதுவே பிடித்துப் போவதும் உண்டு. கைத்தொலைபேசியிற் பல்லாயிரம் பாடல்கள் கிடக்கின்றன. முழுதாகக் கேட்ட பாட்டு எத்தனை என்று மாணவர்களைக் கேட்டால் சிரிக்கின்றனர்.

எனினும் நாடாவின் பெருமை இதனினும் பெரிது. அது கேட்பவனைப் பதிப்பவனாக்கியது. இசைத்தட்டு தொழிற்சாலையிற் பிறப்பது. அதில் எவர் பாடலாம், எவர் பேசலாம் என்பதைப் பிறர் முடிவு செய்வர். கசெற் கருவியில் ஒரு சிவப்பு விசை இருந்தது. அதனை அழுத்தினாற் பாட்டியும் பேசலாம்; பேரனும் பாடலாம். 1978, 1979 ஆண்டுகளில் ஈரானில் நாடு கடந்திருந்த கொமெய்னியின் பேச்சுகள் கசெற்றிற் படியெடுக்கப்பட்டே வீடுதோறும் சென்றன. அரச வானொலியால் அவற்றைத் தடுக்க முடியவில்லை. தமிழ் வழங்கும் ஊர்களிற் கிருபானந்த வாரியார் சொற்பொழிவைக் கசெற்றிற் கேட்டே புராணக் கதை அறிந்தோர் பலர். கடல் கடந்து உழைக்கப் போன பிள்ளைகளுக்கு, எழுதத் தெரியாத தாய்மார் கடிதத்துக்குப் பதிலாகக் கசெற்றிலே பேசி அனுப்பினர். அக்கடிதங்களிற் பின்னணியாகக் கோழி கூவும், சேமக்கலம் ஒலிக்கும், பக்கத்து வீட்டார் வந்து கதவைத் தட்டுவர். பிள்ளைகள் அழுதது அவ்வொலிகளைக் கேட்டே.

யாழ்ப்பாணத்திலே நாடா பெற்ற வாழ்வு தனியானது. 1990 ஆனியிற் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிற்று. அப்பொழுது சைக்கிளே மின்நிலையம் ஆயிற்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றினாற் பின்சில்லு சுழலும். சில்லோடு உரசும் டைனமோ மின்சாரம் தரும். இரண்டு கம்பி வழியே அது வானொலிக்கும் கசெற் கருவிக்கும் செல்லும். சுற்றும் கை களைத்தாற் பாட்டும் களைத்து இழுபடும். மீண்டும் விரைந்து சுற்றினாற் பாடகருக்கு உயிர் வரும். அந்த ஐந்தாண்டும் பாட்டுக் கேட்பதென்றால் வியர்வை சிந்திக் கேட்பதே.

நான் அப்பொழுது பண்டித வகுப்பு மாணவன். எங்கள் ஆசிரியர் முதியவர். கம்பராமாயணத்துக்குப் பயன் சொல்வதில் அவருக்கு நிகர் எங்கள் பகுதியில் அன்று இல்லை. அவர் ஒரு நூலும் எழுதியவர் அல்லர். எழுதுங்கள் என்று கேட்டால், "கம்பன் எழுதிவிட்டானே" என்பார். 1991இல் அவருக்கு உடல் தளர்ந்தது. அவர் குரலைப் பதித்து வைப்போம் என்று மாணவர் நால்வர் முடிவு செய்தோம். பதியாத புதுக் கசெற் எங்கும் இல்லை. பழைய சினிமாப் பாட்டுக் கசெற் மூன்றை எடுத்து, அழியாதிருக்கும் பொருட்டுப் பின்புறத்தில் உடைத்துவிடப்பட்ட துளைகளைக் கடதாசி ஒட்டி மூடினோம். திண்ணையில் ஆசிரியர் இருந்தார். முற்றத்திற் சைக்கிள் நின்றது. சுற்றும் பணி என்னுடையது.

நகர் நீங்கு படலத்துக்கு மூன்று மாலைப்பொழுது அவர் பயன் சொன்னார். மூன்று கசெற் நிறைந்தன. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார்.

மூன்றில் ஒன்றை நண்பர் ஒருவர் கேட்டுத் தருவதாக வாங்கிச் சென்றார். அவர் வீட்டுப் பிள்ளைகள் அதன்மேல் வேறு பாட்டைப் பதித்துவிட்டனர். துளையை மூடிய கடதாசியை நாங்கள் எடுக்க மறந்தது எங்கள் பிழையே. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது மற்றிரண்டும் என் பையில் இருந்தன. அன்று மழை. ஒன்றிலே நீர் இறங்கிற்று. உலர்த்தி வைத்தேன். சில மாதத்திற் பூஞ்சணம் பிடித்து, நாடா ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. நகரை விட்டு இராமன் நீங்கும் கதையின் ஒரு பகுதி, நாங்கள் ஊரை விட்டு நீங்கிய வழியிலே போயிற்று. எஞ்சியது ஒன்றே.

அந்த ஒன்றில் என்ன இருக்கிறது? கம்பன் பாட்டு இருக்கிறது என்றால், அஃது அச்சுநூலில் இன்னும் திருத்தமாக இருக்கிறது. பாட்டின் பொருளும் உரைநூல்களிற் கிடைக்கும். நூலிற் கிடையாதது ஆசிரியர் எங்கே நிறுத்துகிறார் என்பது. எந்தச் சொல்லின்மேற் குரலை ஊன்றுகிறார், எந்த இடத்தில் விரைகிறார், கைகேயியின் கூற்றை எவ்வளவு தாழ்ந்த குரலிற் சொல்கிறார் என்பது. ஓரிடத்திற் பாட்டைச் சொல்லிவிட்டுப் பயன் சொல்லாமலே சிறிது நேரம் இருக்கிறார். அந்த மௌனத்திற்கு உரை எழுத எவராலும் ஆகாது. சைக்கிள் சங்கிலியின் ஓசை மட்டும் கேட்கிறது.

ஈண்டு ஒரு நுட்பத்தைச் சிந்தித்தல் வேண்டும். ஏட்டில் உள்ள எழுத்தும் ஒருவகையில் இலக்கமுறையே. ககரத்தை ஒருவர் கோணலாக எழுதினாலும் மற்றொருவர் அழகாக எழுதினாலும் அது ககரமே. எழுதுபவன் கவனமுடையவனாயின் ஆயிரமாவது படியும் முதற்படியும் ஒன்றே. அதனாலேதான் பல நூற்றாண்டு கடந்து நூல்கள் எம்மிடம் வந்தன. ஆனால் படிப்பித்தவர் குரல் வரவில்லை. குரல் எழுத்துக்குள் அடங்காமல் ஆசிரியனோடு போயிற்று. அதனைப் பிடித்துவைக்கும் வாய்ப்பைச் சாதாரண மக்களுக்கு முதன்முதல் அளித்தது இந்த நாடா. இதன் பெருமை இதுவே. அதன் ஒலி இனிது என்பது மிகச் சிறிய பெருமை.

இனி ஓலைச்சுவடியின் கதைக்கு வருவோம். பல வீடுகளில் ஏட்டுக்கட்டுகளைப் பட்டுத்துணியிற் சுற்றிப் பெட்டியில் வைத்து, நவராத்திரியிற் பூவும் சந்தனமும் சாத்தினர். பிரித்துப் படித்தாரில்லை, படியெடுத்தாரில்லை. செல்லு அரித்தது. ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டவர்களும் உளர். அன்பு இல்லாமலா அவ்வாறு செய்தனர்? அன்பு மிகுந்தே செய்தனர். ஏடு புனிதம் என்று கருதினர்; ஏட்டில் உள்ளதைக் காக்கவேண்டும் என்று கருதவில்லை. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும் 1887இற் கலித்தொகையையும் அச்சேற்றினார். அதே 1887இல் உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை வெளியிட்டார். ஏட்டை வணங்கி நின்றவர்களாலன்றி, ஏட்டைப் பிரித்துப் படியெடுத்தவர்களாலேயே அந்நூல்கள் பிழைத்தன. ஓலை அழகா, காகிதம் அழகா என்று அவர்கள் வாதாடிக்கொண்டிருக்கவில்லை.

நாடா உண்மை ஒலி என்று கொண்டாடி, அலுமாரியில் அடுக்கி வைத்து மகிழ்வோர் அந்தப் பட்டுத்துணி அன்பையே செய்கின்றனர். நாடாவிற் பசை நெகிழ்கிறது. எம் நாட்டு ஈரப்பதனிற் பூஞ்சணம் ஏறுகிறது. நாடா பிழைத்திருந்தாலும் அதனை ஓட்டும் நல்ல கருவி கிடைப்பது அரிதாகிறது, திருத்துவோரும் அருகிவிட்டனர். அவுஸ்திரேலியத் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015இலேயே, பத்தாண்டுக்குள் படியெடாத காந்தநாடாக்களை இழக்க நேரும் என்று சொல்லி, 2025 என்னும் ஆண்டைக் கெடுவாகக் குறித்தது. 2019இல் யுனெஸ்கோவும் ஒலி, ஒளிக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமும் சேர்ந்து உலகெங்கும் அவ்வெச்சரிக்கையை விடுத்தன. கெடு வந்துவிட்டது. எம் வீடுகளிற் கசெற்றுகள் பெட்டியிலேயே கிடக்கின்றன.

ஆகவே, ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் இது. உங்கள் வீட்டில் உள்ள கசெற்றுகளுட் கடையில் வாங்கிய பாட்டுகள் நிற்க; வீட்டிலே பதித்தவற்றை வேறாக எடுங்கள். பின்புறத்துச் சிறு தடுப்புகள் உடையாதிருந்தால் இன்றே உடைத்துவிடுங்கள். அதன்மேல் இனி ஒருவரும் பதியமுடியாது. உள்ளே நாடா தளர்ந்திருந்தால் ஆறு பட்டைப் பென்சிலைத் துளையிற் செருகிச் சுற்றி இறுக்குங்கள். பூஞ்சணம் கண்டால் ஓட்டாதீர்கள், அறிந்தவரிடம் காட்டுங்கள். நல்ல கருவியில், தலையைத் துடைத்துச் சுத்தம் செய்தபின், ஒருமுறை ஓட்டி, சுருக்கப்படாத வேவ் கோப்பாகக் கணினியிற் பதியுங்கள். எம்பி3 வேண்டுமாயின் பிறகு அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஒரே இடத்தில் வையாது மூன்று இடத்தில் வையுங்கள். 2005 முதல் எங்கள் நூல்களையும் இதழ்களையும் இலக்கமுறையிற் காத்துவரும் நூலகம் நிறுவனம் போன்ற அமைப்புகளோடும் பாடசாலைகள் தொடர்பு கொள்ளலாம்.

எல்லாவற்றினும் மேலாக, பேசுபவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, எதைப்பற்றி என்று எழுதி வையுங்கள். கசெற் உறையில் அம்மாவின் கையெழுத்தில் ஒரு குறிப்பாவது இருக்கும். கணினியிலோ பெயரற்ற எண்ணாகக் கோப்புகள் கிடக்கும். ஊர் பேர் தெரியாத குரல் அநாதைக் குரல். ஏடு பெயர்த்து எழுதியவர்கள் இறுதியிலே தம் பெயரும் நாளும் பொறித்த மரபை இங்கே பின்பற்றுதல் நன்று.

இலக்கமுறையை நம்பி உறங்குதலும் ஆகாது. நாடா தேயும்போது சிறிது சிறிதாகத் தேயும். பாதி போனாலும் மீதி கேட்கும். அறுந்தால் ஒட்டலாம். இலக்கக் கோப்பு கெட்டால் ஒருநொடியில் முழுவதும் போகும். கைத்தொலைபேசி நீரில் விழுந்து ஒரு குடும்பத்தின் பத்தாண்டுக் குரலும் படமும் போன கதைகளை அடிக்கடி கேட்கிறோம். இலக்கம் தன்னைத்தானே காப்பதில்லை. காலந்தோறும் ஒருவர் எடுத்து மற்றொருவர் கையிற் கொடுத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். எங்கள் ஆசிரிய மாணாக்க பரம்பரையும் அவ்வாறுதானே இயங்கிற்று. படியெடுத்தபின் நாடாவை எறிந்துவிடவும் வேண்டாம். அச்சு வந்தபின்னும் பாடபேதம் தீர்க்க ஏட்டையே தேடினோம். மூலம் மூலமே.

என் கதையை முடித்துவிடுகிறேன். அன்று வழக்குக் கொண்டுவந்த மாமனும் மருமகனும் என் கசெற்றை வாங்கி, இரண்டு நாள் இருந்து கணினியில் ஏற்றினர். மருமகன் கேட்டுவிட்டு வந்து, "ஐயா, சில இடங்களிற் குரல் திடீரென்று உயர்ந்து சிறுபிள்ளைக் குரல் போலாகிறது. பதியும்போது நாடா மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் இப்போது விரைந்து கேட்கிறது. கணினியிற் சரிசெய்துவிடலாம்" என்றான். அவன் சொன்ன காரணம் சரி. அந்த இடங்களில் மெதுவாக ஓடியதற்குக் காரணம் சைக்கிள் சுற்றிய என் கை.

சரிசெய்த படி ஒன்று, உள்ளது உள்ளபடியே ஒன்று என இரண்டு செய்து தரும்படி சொன்னேன். மாணவர்களுக்கு வகுப்பிலே முதலாவதைப் போடுகிறேன். முப்பது நிமிடம் ஆசிரியர் பேசுகிறார், அவர் பேச்சு முடிந்ததும், நாங்கள் அழிக்காமல் விட்ட சினிமாப் பாட்டு நடுவரியிலிருந்து தொடங்குகிறது, பிள்ளைகள் சிரிக்கின்றனர். இரண்டாவதை வீட்டில் வைத்துக் கேட்கிறேன். இலக்கமுறை ஒன்றையும் விடவில்லை. இருபது வயதில் என் கை எந்தெந்த அடியிற் களைத்தது என்பதும் அதிலே அப்படியே இருக்கிறது.